அடக்கத்தலமும் அறிவுக்கடனும்
(அலிகார் நிறுவனர் நாள் நிகழ்ச்சி பற்றிய ஓர் ஆய்வு)

முன்னுரை

மறைந்த முன்னோரை மறவாமை மக்கட் பண்புகளுள் தலையாயது. ஒரு சங்கத்தையோ கல்வி நிலையத்தையோ தோற்றுவித்து வளர்த்த தலைவர்கள் மறைந்த பின்னர், ஆண்டுதோறும் அவர்தம் அடக்கத்தலம் சென்று நினைவு கூர்தல் உலகின் பல நாடுகளிலும் வழங்கிவரும் முறையாகும். மலர் வைப்போர் உளர். கொடி நடுவோர் உளர். பெயர்ப் பலகை பதிப்போர் உளர். கையேந்தி இறைஞ்சுவோரும் உளர்.

இந்நிகழ்ச்சிகளின் பயன் யாது? இறந்தவர்க்கு இவற்றால் ஆவது என்ன? இருப்பவர் இவற்றால் பெறுவது என்ன? இவ்வினாக்களுக்கு விடை காண, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் நிகழும் நிறுவனர் நாளை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கின்றோம். அதற்குக் காரணம் உண்டு. அங்கு அடங்கியிருக்கும் தலைவர் சர் சையது அகமது கான், தம் இளமையில் பழங்கல்லறைகளையும் கல்லெழுத்துகளையும் தேடித் தேடிப் பதிவு செய்த மரபுக் காவலர். கல்லறையைச் சுற்றி வளர்ந்த மூட வழக்கங்களை மறுத்து எழுதியவரும் அவரே. கல்லறையின் மதிப்பையும் அதன் எல்லையையும் ஒருங்கே உணர்ந்த ஒருவருடைய கல்லறையில் எவ்வாறு நிற்பது என்பதே ஈண்டு நம்முன் உள்ள வினா.

அக்டோபர் 17 : வைகறை நிகழ்ச்சி

சர் சையது அகமது கான் 1817 அக்டோபர் 17 அன்று தில்லியில் பிறந்தார். 1898 மார்ச்சு 27 அன்று அலிகாரில் மறைந்தார். பல்கலைக்கழகத்தின் ஜாமிஆ பள்ளிவாசல் வளாகத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பெற்றார். அவர் பிறந்த நாளாகிய அக்டோபர் 17 'சர் சையது நாள்' எனக் கொண்டாடப்பெறுகின்றது.

அந்நாள் வைகறைத் தொழுகையோடு தொடங்குகின்றது. தொழுகைக்குப்பின் பள்ளிவாசலில் ஆசிரியரும் மாணவரும் அமர்ந்து திருக்குர்ஆன் ஓதுகின்றனர். பின்னர்த் துணைவேந்தர் முதலானோர் அடக்கத்தலம் சென்று போர்வை சாத்தி, பாத்திஹா ஓதி, மறைந்தவரின் பிழைபொறுப்புக்காக இறைவனிடம் கையேந்துகின்றனர். அடுத்து அவர்தம் நூல்களும் நிழற்படங்களும் அடங்கிய கண்காட்சியும், சொற்பொழிவு அரங்கும் நிகழ்கின்றன. இரவில் மாணவர் விடுதிகளில் விருந்து நடைபெறுகின்றது. உலகின் பல நகரங்களில் வாழும் முன்னாள் மாணவர்களும் அந்நாளில் கூடி விருந்துண்டு நினைவு கூர்கின்றனர். 2017-ஆம் ஆண்டில் அவர் பிறந்த 200-ஆம் ஆண்டு சிறப்பாகக் கொண்டாடப்பெற்றது.

இந்த நிரலை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஓதல், இறைஞ்சல், நூற்காட்சி, சொற்பொழிவு, விருந்து என்னும் ஐந்தனுள் அடக்கத்தலத்தில் நிகழ்வது ஒரு சிறு பகுதியே. நாள் அங்கே தொடங்குகின்றது. ஆயின் அங்கேயே முடிந்துவிடவில்லை.

கல்லெழுத்துப் படித்தவர்

சர் சையது அவர்கள் தம் முப்பதாம் அகவையில், 1847-இல், 'ஆஸாருஸ் ஸனாதீத்' என்னும் உருது நூலை வெளியிட்டார். தில்லியின் பழைய கோட்டைகள், பள்ளிவாசல்கள், கல்லறை மாடங்கள் ஆகியவற்றை நேரிற்கண்டு, அளந்து, அவற்றின் எழுத்துகளைப் படியெடுத்து எழுதிய நூல் அது. திருத்திய பதிப்பு 1854-இல் வந்தது. பிரெஞ்சு அறிஞர் கார்சான் த தாசி அதனைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து 1861-இல் வெளியிட்டார்.

குதுப் மினாரின் உயர்ந்த பகுதிகளில் உள்ள எழுத்துகளைக் கீழிருந்து படித்தல் இயலாது. ஆதலின், அவர் கயிறு கட்டிய கூடையில் அமர்ந்து உயரே தொங்கியவண்ணம் அவற்றைப் படியெடுத்தார். அதனைக் கீழே நின்று கண்ட அவர் நண்பர் இமாம் பக்ஷ் ஸஹ்பாயி அச்சத்தால் முகம் வெளுத்தார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற்றுள்ள செய்தி. அந்நூலின் முதற்பதிப்பு கற்களோடு நில்லாமல், தில்லியில் வாழ்ந்த அறிஞர், கவிஞர், எழுத்தழகர், துறவியர் ஆகியோரைப் பற்றியும் ஒரு தனிப் பகுதி கொண்டிருந்தது.

பத்தே ஆண்டுகளில், 1857-இல், தில்லி பேரழிவைக் கண்டது. செங்கோட்டைக்கும் பெரிய பள்ளிவாசலுக்கும் இடையே இருந்த கட்டடங்கள் பல அதன்பின் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அவற்றுட் சில இன்று அந்நூலில் மட்டுமே வாழ்கின்றன. கல் அழிந்தபின்னும் அதன்மேல் இருந்த எழுத்து நின்றது. அதனைக் காத்தது ஒருவர் செய்த உழைப்பு. மரபைப் போற்றுதல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அவர் கல்லறைகளுக்குச் சென்றது எழுதுகோலோடு, திரும்பியது செய்தியோடு.

சங்கம் கண்டவர்

1864-ஆம் ஆண்டு காஜிப்பூரில் பணியாற்றியபோது அவர் அறிவியற் சங்கம் ஒன்றை நிறுவினார். அவர் பணிமாற்றம் பெற்றபோது சங்கமும் அலிகார் வந்து சேர்ந்தது. வரலாறு, வேளாண்மை, பொருளியல், கணிதம் ஆகிய துறைகளில் ஆங்கில நூல்களைத் தாய்மொழியாகிய உருதுவில் பெயர்த்து அளிப்பது அச்சங்கத்தின் நோக்கம். 1866-இல் அச்சங்கம் தொடங்கிய இதழில் ஆங்கிலமும் உருதுவும் அருகருகே அச்சாயின. புத்தறிவைத் தம் மொழியில் பெறவேண்டும் என்னும் அவ்வேட்கை, தமிழ்த்துறை மாணவராகிய நமக்கு அயலானதன்று.

அவர் தொடங்கிய பள்ளி 1875-இல் திறக்கப்பெற்றது. 1877-இல் முகம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரிக்கு அடிக்கல் இடப்பெற்றது. அக்கல்லூரியே 1920-இல் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. கல்வி மாநாட்டு அமைப்பை அவர் 1886-இல் தோற்றுவித்தார். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1899-இல் முன்னாள் மாணவர் சங்கம் தோன்றியது. நிறுவனர் நினைவைத் தலைமுறைதோறும் கைமாற்றிக் கொடுத்ததில் இச்சங்கத்தின் பங்கு பெரிது.

இப்பணிக்காக அவர் பட்ட பாடு சிறிதன்று. நிதி திரட்டப் புத்தகக் கடை வைத்தார். பரிசுச் சீட்டு நடத்தினார். முதுமையில் மேடை ஏறிப் பாடவும் செய்தார். அவருடைய சமயக் கருத்துகளை ஏலாதோர் அவரை மார்க்கத்துக்குப் புறம்பானவர் என்று தீர்ப்புரைத்தனர். ஒரு காலத்தில் அவ்வாறு தள்ளப்பட்டவரின் அடக்கத்தலத்தில் இன்று வைகறைதோறும் இறைமறை ஓதும் ஒலி கேட்கின்றது. காலம் வழங்கிய தீர்ப்பு இதுவாகும்.

மார்க்கம் வகுத்த எல்லை

கல்லறைக்குச் செல்வதில் இஸ்லாத்தின் நிலை யாது? அறியாமைக் கால வழக்கங்கள் நிலவிய தொடக்கத்தில் கல்லறை காணச் செல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருந்தார்கள். பின்னர், அது மறுமையை நினைவூட்டும் என்னும் காரணம் காட்டி இசைவளித்தார்கள். தாமும் மதீனாவின் பகீஃ அடக்கத்தலத்திற்குச் சென்று, அங்கு அடங்கியோர்க்குச் சலாம் உரைத்து, அவர்களுக்காக இறைவனிடம் இறைஞ்சினார்கள். எனவே, சென்று வருதல் நெறியாகும். கல்லறையை வணங்குதலும், அடங்கியவரிடம் வேண்டுதல் வைத்தலும் நெறியல்ல. இறந்தவரிடம் கேட்பதன்று, இறந்தவருக்காகக் கேட்பதே நம் முறை. இவ்வெல்லை மிகத் தெளிவானது.

போர்வை சாத்துதல், மலர் தூவுதல் ஆகியவை குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஊர்வழக்காக வந்த மரியாதை என ஏற்போர் ஒருசாரார். புதுப்புனைவு என விலக்குவோர் மற்றொரு சாரார். சர் சையது அவர்களே 1850-இல் நபிவழியை வலியுறுத்தியும் புதுப்புனைவுகளை மறுத்தும் 'ராஹே சுன்னத்' என்னும் சிறு நூல் எழுதினார். பிற்காலத்தில் அவர்தம் சமயச் சிந்தனை வேறு தடங்களிலும் சென்றது. எனினும், ஆராயாது பின்பற்றும் வழக்கத்தை மறுத்து எழுதியவர் கல்லறையிலேயே போர்வை சாத்தும் வழக்கம் நிலவுதல் சிந்தனைக்குரியது. இவ்வேறுபாட்டைத் தீர்த்துவைப்பது நம் நோக்கமன்று. போர்வை சாத்துவோரும் சாத்தாதோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு பொதுநிலை உண்டா என்பதே நாம் தேடுவது.

அப்பொதுநிலை நபிமொழி ஒன்றில் கிடைக்கின்றது. மனிதன் இறந்ததும் அவன் செயல்கள் முடிந்துவிடுகின்றன. ஆயினும் மூன்று மட்டும் தொடர்ந்து பயன் தருகின்றன என்பது அதன் கருத்து. நிலைத்து ஓடும் அறம் ஒன்று. பிறர் பயன்பெறும் அறிவு மற்றொன்று. பெற்றோருக்காக இறைஞ்சும் நன்மக்கள் மூன்றாவது. இவற்றை அளவுகோலாகக் கொண்டால், கல்லறை நிகழ்ச்சியின் உண்மைப் பயன் விளங்கும். கையேந்துதல் மூன்றாவதன் பாற்படும். கல்வி நிலையத்தைக் காத்து வளர்த்தல் முதலாவதன் பாற்படும். அவர் எழுதிய நூல்களைப் பயின்று, ஆராய்ந்து, மேலும் எழுதுதல் இரண்டாவதன் பாற்படும். கையேந்துதலோடு நின்றுவிட்டால், செலுத்த வேண்டிய கடனில் ஒரு பங்கே செலுத்தினோம் ஆவோம்.

முற்றத்தில் துயில்வோர்

அப்பள்ளிவாசல் வளாகத்தில் சர் சையது தனித்து உறங்கவில்லை. அவர் மகனும் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதியுமாகிய சையது மகமூது (மறைவு 1903) அங்கு அடங்கியுள்ளார். கல்லூரித் திட்டத்தை வகுத்ததில் அவர் பங்கு பெரிது. ஆயினும் இறுதி நாள்களில் தந்தையும் மகனும் மனவேறுபாடு கொண்டிருந்தனர் என்பதை வரலாறு மறைக்கவில்லை. 1899-இல் கல்லூரிச் செயலாளர் பொறுப்பேற்ற நவாப் முஹ்ஸினுல் முல்க் (மறைவு 1907) அங்கு அடங்கியுள்ளார். திருமறை விளக்க நெறிமுறை குறித்து அவர் சர் சையதுவோடு மடல்வழி மாறுபட்டு வாதிட்டவர். கருத்தில் மாறுபட்டும் பணியில் ஒன்றுபட்டவர் அருகருகே துயில்கின்றனர்.

பேரர் ராஸ் மசூது (மறைவு 1937) பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவர். ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1924-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற இந்திய நாவலை இவருக்கே உரிமையாக்கினார். கணித அறிஞர் சர் ஜியாவுத்தீன் அகமது (மறைவு 1947) பலமுறை துணைவேந்தராக இருந்தவர். அவர் நிதி திரட்டத் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, அவர் மறைந்து 15 ஆண்டுகள் கழித்து 1962-இல் திறக்கப்பெற்றது. அவர் விட்டுச்சென்ற பணியைப் பின்வந்தோர் முடித்தனர். அடக்கத்தலத்தில் சாத்தும் எந்தப் போர்வையினும் இது பெரிய மரியாதை அன்றோ?

கல்லறை இல்லாதோர்

ஈண்டு வேறொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்லறை நிகழ்ச்சி கல்லறை உடையோரை மட்டுமே நினைவூட்டும். கல்லறை இல்லாதோர் கதி என்ன?

குதுப் மினார் அடியில் நின்று நண்பருக்காக அஞ்சிய ஸஹ்பாயி, 1857-இல் யமுனைக் கரையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அறிவியற் சங்கத்தின் தூணாக நின்றவர் ராஜா ஜெய்கிஷன் தாஸ். 1867-இல் சர் சையது காசிக்குப் பணிமாற்றம் பெற்றபோது சங்கப் பொறுப்பைத் தாங்கியவர் அவரே. கல்லூரியின் முதல் பட்டதாரி ஈஸ்வரி பிரசாத் (1881). இவர்கள் இந்துப் பெருமக்கள், எரியூட்டும் மரபினர். இவர்களுக்காகப் போர்வை சாத்தக் கல்லறை எங்கே உள்ளது? கல்லூரிக்கு நிதி அளித்தோர் பெயர்கள் ஸ்ட்ராச்சி மண்டபத்திலும் சுற்றுச்சுவரிலும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முஸ்லிம் பெயர்களும் இந்துப் பெயர்களும் கலந்தே காணப்படுகின்றன. கல்லறை பிரித்த நினைவைக் கல்லூரிச் சுவர் ஒன்று சேர்க்கின்றது.

கல்லறை இருந்தும் உறவினர் அற்றுப்போனவர் உளர். சர் சையதுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கவிஞர் ஹாலி (மறைவு 1914) தம் ஊராகிய பானிப்பட்டில் அடங்கினார். 1947-இன் பிரிவினையில் அவ்வூர் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் எல்லை கடந்து சென்றனர். தலைமுறை தலைமுறையாக அக்கல்லறைக்கு வந்தோர் வாராதொழிந்தனர். ஆயின் ஹாலி மறக்கப்படவில்லை. அவர் நூல்களைப் படிப்போர் இன்றும் உளர். இடத்தைச் சார்ந்த நினைவு இடம்பெயர்ந்தால் நலிவுறும். நூலைச் சார்ந்த நினைவோ எங்கும் உடன்வரும்.

புகழுரையும் மெய்யுரையும்

கல்லறை முன் நிற்பவர் பெரும்பாலும் புகழுரையே கூறுவர். மறைந்தவரின் குறையை அவ்விடத்தில் பேசாமை நற்பண்பே. ஆயினும் ஆய்வரங்கிலும் அவ்வாறே நின்றுவிட்டால், தலைவரைப் பின்பற்றுவோர் அவர் விட்டுச்சென்ற குறையை நிறைவு செய்யாது போவர். ஹாலி 1901-இல் 'ஹயாத்தே ஜாவீத்' என்னும் வரலாற்றை எழுதியபோது, அலிகாரில் ஆசிரியராய் இருந்த மௌலானா ஷிப்லி, அது வரலாறன்று, காரணங்காட்டிப் பாடிய புகழ்மாலை என்று குறை கூறினார். இவ்விரு நண்பர்களின் கருத்து மாறுபாடு, நினைவு கூர்வோர்க்கு என்றும் பயன்படும் எச்சரிக்கையாகும்.

சான்றாக ஒன்று கூறலாம். ஆண்மக்கள் கல்வி பெற்றபின்னரே பெண்மக்கள் கல்விக்குக் காலம் கனியும் என்பது சர் சையதுவின் நிலை. அவர் கல்லூரியில் பயின்ற ஷேக் அப்துல்லா அந்நிலையில் நின்றுவிடவில்லை. தம் துணைவியார் வஹீத் ஜஹான் பேகத்தோடு 1906-இல் அலிகாரில் பெண்கள் பள்ளி தொடங்கினார். எதிர்ப்புகளைத் தாங்கி வளர்ந்த அப்பள்ளி பின்னர் மகளிர் கல்லூரியாக உயர்ந்தது. தலைவர் தயங்கி நின்ற இடத்திலிருந்து மாணவர் அடியெடுத்து வைத்தார். இதனைத் தலைவர்க்குச் செய்த மறுப்பு என்று கூறுவதினும், அவர் ஏற்றிய விளக்கை அடுத்த அறைக்கும் கொண்டு சென்ற தொண்டு என்று கூறுதலே பொருந்தும்.

நாம் கொள்ளத்தக்கவை

அலிகார் நமக்குத் தொலைவில் இருப்பினும் தொடர்பற்றதன்று. சர் சையது தோற்றுவித்த கல்வி மாநாடு 1901 டிசம்பரில் சென்னையில் கூடியது. அதன் தூண்டுதலால் 1902-இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. அச்சங்கமே 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியை நிறுவியது. தமிழகத்து முஸ்லிம் கல்வி நிலையங்களுள் பல, வள்ளல்களின் அறத்தால் எழுந்தவை. அவ்வள்ளல்களை நினைவு கூரும் நாள்கள் நம்மிடமும் உண்டு. ஆதலின் இவ்வாய்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சிலவற்றைத் தொகுத்துரைத்தல் தகும்.

ஒன்று: அடக்கத்தலம் செல்லுங்கால் இறைஞ்சுதலே முதன்மை, அலங்காரம் முதன்மையன்று.

இரண்டு: செல்லும் மாணவர், அடங்கியவர் வரலாற்றை முன்னரே கற்றுச் செல்லுதல் வேண்டும். யார் என்று அறியாமல் நின்று திரும்புவது நினைவுகூர்தல் ஆகாது.

மூன்று: அடக்கத்தலத்து மீசான் கற்களில் உள்ள அரபு, தமிழ், அரபுத்தமிழ் எழுத்துகள் மழையிலும் வெயிலிலும் தேய்ந்துவருகின்றன. அவற்றைப் படியெடுத்துத் தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். குதுப் மினாரில் கூடை கட்டித் தொங்கியவரை நினைவுகூர இதனினும் சிறந்த வழி இல்லை.

நான்கு: கல்லறை இல்லாத கொடையாளர், சமயம் வேறாயினும் உடனுழைத்தோர், பெயர் தெரியாப் பணியாளர் ஆகியோரையும் அந்நாளில் எடுத்துரைத்தல் வேண்டும்.

ஐந்து: முன்னோர் முடிக்காது விட்ட பணி எது என்று கேட்டு, அதில் ஒன்றையேனும் அவ்வாண்டில் தொடங்குதல் வேண்டும்.

முடிவுரை

கல்லறைக்குச் செல்லுதல் நன்று; அது மறுமையை நினைவூட்டுகின்றது; நன்றியுணர்வை வளர்க்கின்றது; தலைமுறைகளை ஒருங்கு நிறுத்துகின்றது. எனினும் அது நினைவுகூர்தலின் தொடக்கமேயன்றி முடிவன்று. மறைந்த தலைவர் நம்மிடம் எதிர்பார்ப்பது புகழன்று. இறைஞ்சுதலும் பணியுமே ஆகும். இறைஞ்சுதலைச் சில நிமிடங்களில் செய்துவிடலாம். பணியோ ஆண்டு முழுதும் தொடர்வது.

அலிகார் பள்ளிவாசல் முற்றத்தில் ஆண்டுதோறும் நிற்கும் மாணவர், அங்கிருந்து நேரே செல்வது வகுப்பறைக்கும் நூலகத்திற்குமே. முற்றத்திற்கும் வகுப்பறைக்கும் இடையே உள்ள அச்சிறு தொலைவில்தான் அந்நாளின் பொருள் முழுவதும் அடங்கியுள்ளது. நம் கல்லூரி வள்ளல்களின் அடக்கத்தலத்திலிருந்து நாமும் அவ்வாறே வகுப்பறைக்குத் திரும்புவோமாக. மறைந்தோர் பிழை பொறுத்து அவர்தம் நற்பணிகளை இறைவன் ஏற்றருள்வானாக. அவற்றைத் தொடரும் ஆற்றலை நமக்கும் அருள்வானாக. ஆமீன்.